வீட்டுத் தொழிலுக்கும் மழைக்காலம் உண்டு

"வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலைதானே, மழை பெய்தால் உங்களுக்கு என்ன நட்டம்?" ஐப்பசி பிறந்துவிட்டால் எவராவது ஒருவர் எங்களிடம் இதைக் கேட்டுவிடுகிறார். கேட்பவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. கடற்கரை ஊர்களில் மழையால் வேலை இழப்பவர் யார் என்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நாட்டுப்படகு கரையில் ஏறிக் கிடக்கும். உப்புப் பாத்தி வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும். கொத்தனார் சாரத்தை விட்டு இறங்கித் தேநீர்க் கடையில் ஒதுங்கி நிற்பார். துணி தைக்கிற வீட்டில் அப்படி ஏதும் தெரிவதில்லை. சாரலுக்குக் கதவு சாத்தியிருக்கும், அவ்வளவுதான். உள்ளே தொழில் நடக்கிறதா, நின்றுவிட்டதா என்பதைத் தெருவில் போகிறவர் எவ்வாறு அறிவார்? ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. வீடு வேலைத்தலம் ஆகாது. எனவே வீட்டில் நடக்கும் வேலைக்குப் பருவம் கிடையாது என்னும் கருத்து அது. அரசின் உதவித் திட்டங்களும் ஏறக்குறைய அதே கருத்தின்மீதுதான் நிற்கின்றன. அது பிழை என்பதை எங்கள் தொழிலை வைத்தே சொல்ல முயல்கிறோம்.

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். நெல்லை மாவட்டத்திலும் ஓர் ஏர்வாடி உண்டு. நாங்கள் சொல்வது இராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரை வட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையோரம் உள்ள தர்கா ஊரை. வெளியூரார் பலர் இவ்வூரை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் மனநோயாளர் 28 பேரைப் பலிகொண்ட தீவிபத்தால்தான் அறிவர். (ஓர் ஊர் தன் பெருந்துயரத்தால் மட்டுமே நினைக்கப்படுவதும் ஒரு துயரமே, அது வேறொரு கட்டுரைக்கு உரிய பொருள்.) சுல்தான் சையது இபுராஹீம் ஷஹீது பாதுஷா அவர்களின் தர்காவை நாடி வருவோரை நம்பியே ஊரின் சிறு வணிகம் பெரும்பாலும் நடக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தையல் எந்திரங்கள். மதுரையிலிருந்தும் கரூரிலிருந்தும் துணித் தான்களை வாங்கி வந்து ஜன்னல் திரை, வாசல் திரை, தலையணை உறை, சோபா உறை ஆகியவற்றைத் தைக்கிறோம். தர்காவுக்கு வருவோர் நேர்ந்துகொண்டு போர்த்தும் பச்சைப் போர்வைகளுக்கு ஓரம் அடித்துச் சரிகைக் கரை வைத்தும் கொடுக்கிறோம். வெட்டுவதற்கென்று தனி மேசை இல்லை. கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் துணியை விரித்து, முழந்தாளிட்டு அளந்து வெட்டுகிறோம். இரவில் அதே பாயில்தான் உறங்குகிறோம். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பின்னால் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

மழைக்காலத்தில் துணிக்கு நேர்வது என்ன? எல்லோரும் கூரை ஒழுகுவதையே நினைக்கிறார்கள். ஒழுகல் எளிய பகை. கண்ணுக்குத் தெரியும்; கீழே வாளி வைக்கலாம்; துணிக்கட்டை நகர்த்திக்கொள்ளலாம். காற்றிலேறி வரும் ஈரமே எங்களை வதைப்பது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது பருத்தியின் இயல்பு. நூல் வணிகத்தில் பருத்தி நூலின் உலர்ந்த எடைக்கு மேல் நூற்றுக்கு 8.5 பங்கு ஈரம் இருப்பது இயல்பு என்றே கணக்கிடுகிறார்கள். அடைமழை நாளில் அது இன்னும் ஏறும். கடற்கரையில் இதனுடன் உப்பும் சேர்ந்துகொள்கிறது. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத் தூள் துணியிலும் ஊசியிலும் கத்தரிக்கோலிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும். அடுப்படியில் உப்பு ஜாடி நீர்விடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆகவே உள்நாட்டு ஊரில் மழை விட்ட மறுநாள் துணி உலர்ந்துவிடும் என்றால், இங்கே அது உலர்ந்தது போலத் தோன்றி மாலையில் மறுபடியும் பிசுபிசுக்கும்.

அதன்பின் பூஞ்சை. கஞ்சி ஏற்றிய பருத்திதான் அதற்கு விருந்து. திரைக்கு உட்புறம் வைக்கும் லைனிங் துணி பெரும்பாலும் மலிவான, கஞ்சி மிகுந்த பருத்தி. முதலில் கரும்புள்ளி விழுவது அதில்தான். நான்கைந்து நாள் காற்றோட்டமின்றி மடிப்பில் கிடந்தால் போதும். வெளிர்நிறத் துணியில் அந்தப் புள்ளி விழுந்துவிட்டால் வெளுப்புத்தூள் போட்டுத்தான் போக்கவேண்டும். போட்டால் நிறமும் சேர்ந்து போய்விடும். "பாலியஸ்டருக்கு மாறிவிடுங்களேன்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. பாலியஸ்டர் இழையைப் பூஞ்சை தின்பதில்லை என்பது உண்மைதான். இழையின்மேல் ஏற்றிய மெருகையும் படிந்த தூசியையும் தின்னும். துணி கெடாது, நாற்றம் வரும். நாற்றமடிக்கும் திரையை எந்த வாடிக்கையாளர் வாங்குவார்?

இன்னும் சிறிய தொல்லைகள். இரவில் துணியில் விட்டுவிட்ட இரும்புக் குண்டூசி காலையில் செம்பழுப்பாய் ஒரு வட்டத்தை விட்டுப் போயிருக்கும். விஸ்கோஸ் கலந்த திரைத்துணி ஈரத்தில் தன் எடையாலேயே தொங்கி நீளும், உலர்ந்தபின் மேலேறும். கார்த்திகையில் தரையைத் தொடும்படி அளந்து தைத்த திரை பங்குனியில் கணுக்காலுக்கு மேலே நிற்கும். பருத்தியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்திச் சுருக்கம் எடுத்துவிட வேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். வெயில் நாளில் காலையில் நனைத்தால் மதியத்துக்குள் கொடியிலிருந்து எடுத்துவிடலாம். மழை நாளில் எங்கே உலர்த்துவது? கூடத்தில் கொடி கட்டினால் வெட்டுவதற்கு இடமில்லை; வெட்டினால் கொடிக்கு இடமில்லை. இரண்டையும் விட்டுவிட்டுக் காத்திருந்தால் உறங்குவதற்கு மட்டும் இடம் இருக்கும். ஒரு நாளில் முடியும் வேலை மூன்று நாள், நான்கு நாள் ஆவது இப்படித்தான். மின்சாரம் போனாலும் கால்மிதி எந்திரம் ஓடும் என்பதால் பழைய எந்திரத்தை நாங்கள் விற்கவில்லை. ஆனால் இருட்டில் பச்சை நூலையும் கரும்பச்சை நூலையும் பிரித்துக் காட்ட எந்த எந்திரத்தாலும் ஆகாது.

வேப்பிலை, வசம்பு, அந்துருண்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இவை பூச்சிக்கு உதவலாம், ஈரத்துக்கு உதவுவதில்லை. துணித் தான்களைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரச்சட்டத்தின்மேல் அடுக்குவதும், வெயில் முகம் காட்டிய அரைநாளில் எல்லாவற்றையும் பிரித்துக் காற்றாட விடுவதும்தான் பயன் தருகின்றன. இரண்டுக்கும் இடம் வேண்டும். சிறிய வீட்டில் இல்லாதது அதுதான்.

இனிக் காலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தொழில் இரண்டு நாட்காட்டிகளுக்கு இடையே மாட்டிக்கொண்டது. தீபாவளி எப்போதும் ஐப்பசியை ஒட்டியே வரும். அதை எவராலும் நகர்த்த முடியாது. வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்கள் அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் புதுத்திரையும் கேட்பார்கள். ஆக, ஆண்டின் பெரிய கிராக்கி வடகிழக்குப் பருவமழையின் வாசலிலேயே வந்து நிற்கிறது. தர்காவின் சந்தனக்கூடு வேறு கணக்கு. அது இஸ்லாமிய ஆண்டின் துல்கஃதா மாதத்தில் வருவது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் விழா ஆண்டுதோறும் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். 2007 முதல் 2011 வரை ஒவ்வோர் ஆண்டும் அது அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்குள்ளேயே அமைந்தது. அந்த ஆண்டுகளில் தீபாவளித் திரையும் சந்தனக்கூட்டுப் போர்வையும் ஒரே மழைக்குள் சிக்கின. 2025இல் விழா மே மாதக் கத்தரி வெயிலுக்கு வந்திருந்தது. மழைக்கால நெருக்கடி ஒன்று குறைந்தது என்று இப்போது மூச்சு விடுகிறோம். 2030களின் பிற்பகுதியில் விழா மார்கழிக்குள் நுழையும். 2040களின் தொடக்கத்தில் மீண்டும் கார்த்திகை. உழவருக்கும் மீனவருக்கும் பருவம் ஒரே இடத்தில் நிற்கிறது. தர்கா ஊரில் துணி தைப்பவருக்கு வேலையும் மழையும் முப்பத்துமூன்று ஆண்டுச் சுற்றில் ஒன்றையொன்று துரத்துகின்றன. இந்தக் கணக்கை எந்த அலுவலகத்துப் படிவத்தில் எழுதுவது?

இலக்கிய வாசகர்கள் நிறைந்த இடத்தில் இதை எழுதுவதால் நெடுநல்வாடையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பத்துப்பாட்டில் கூதிர்காலத்தையே பொருளாக எடுத்துக்கொண்ட பாட்டு அது. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். குளிரில் நடுங்கும் ஆயரையும் மேய்ச்சலை மறந்த விலங்குகளையும் காட்டிய நக்கீரர், பின் ஊருக்குள் வந்து, பயன்படாமல் சிலந்திநூல் பற்றித் தொங்கும் விசிறியைக் காட்டுகிறார். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடப்பதைக் காட்டுகிறார். அரண்மனைக்குள் அரசியின் கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணி விதானம். அதில் விண்மீன்களும் திங்களும் உரோகிணியும் ஓவியமாக இருக்க, அதைப் பார்த்து அவள் பெருமூச்செறிகிறாள். அந்தத் துணிக்கு ஓவியம் ஏற்பதற்காக மெழுகு பூசினார்களோ, கூதிரின் ஈரத்துக்கு அஞ்சிப் பூசினார்களோ? தொழிற்கண்ணால் பார்க்கிற எங்களுக்குப் பின்னது என்றே தோன்றுகிறது. உரைகாரர்கள் மன்னிப்பார்களாக. விசிறியைச் செய்த கைத்திறனாளனை ஒரு சொல்லால் நினைக்கும் புலவர், விதானத்துணியை மெழுகியவரைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. குறை கூறவில்லை, பாட்டின் நோக்கம் அதுவன்று. ஆயினும் வீட்டை அலங்கரிக்கும் துணி என்பது இங்கே எவ்வளவு பழையது, அதற்கும் மழைக்கும் உள்ள உறவும் எவ்வளவு பழையது என்பதற்கு அந்த விதானத்தைவிட வேறு சான்று வேண்டாம்.

துணி எங்கள் கைக்கு வருமுன்னரே மழை அதைத் தொட்டுவிடுகிறது. எங்கள் மாவட்டத்திலேயே பரமக்குடியும், வைகையின் அக்கரையில் எமனேஸ்வரமும் சௌராஷ்டிர நெசவாளர் நிறைந்த கைத்தறி ஊர்கள். அங்கும் தறி வீட்டுக்குள்தான் இருக்கிறது. நெசவாளர் காலை இறக்கி மிதிக்கும் தறிக்குழியில் மழைக்காலத்தில் நீர் ஊறும். குழியிலிருந்து நீரை இறைத்துவிட்டு உட்கார்ந்தாலும், பாவு ஈரம் குடித்துத் தளர்ந்திருக்கும், ஜக்கார்டு அட்டைகள் ஊதிக்கொண்டு துளைகள் சரியாகப் பொருந்தாது, புட்டா பிசகும். தெருவில் பாவை நீள விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்த வெயில் வேண்டும். அது இல்லாதபோது தறியில் ஏற்றப் பாவே இருக்காது. கைத்தறி நெசவாளர் குடும்பங்களில் மழைக்காலம் வேலையற்ற காலம் என்பது அனைவரும் அறிந்த செய்தி. மழைக்கால நிவாரணம் வேண்டும் என்று அவர்கள் கேட்டு வருவதும் புதிதன்று. 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35.22 இலட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள். வீட்டில் தையல் எந்திரம் வைத்திருப்போர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

புயலை எல்லோரும் கணக்கில் எடுக்கிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை இன்றும் இக்கரையில் வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். 2024 நவம்பர் 20ஆம் நாள் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது; மாவட்டத்தின் ஓராண்டு மழையே சராசரியாக 83 செ.மீ. அளவுதான். அத்தகைய நாளில் அதிகாரிகள் வருகிறார்கள், கணக்கெடுக்கிறார்கள், முகாம் திறக்கிறார்கள். நன்றியோடுதான் சொல்கிறோம். ஆனால் எங்கள் தொழிலைக் கெடுப்பது அந்த ஒரு நாளைவிட அதற்கு முன்னும் பின்னுமான இருபது நாள். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி, இராமநாதபுரக் கரைக்கு அருகே மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது நினைவிருக்கலாம். எதிர்பார்த்தபடி கரையைக் கடக்கவில்லை. ஆபத்து நீங்கியது என்று செய்தித்தாள்கள் எழுதின, நீங்கியது உண்மைதான். வானம் மட்டும் வெளுக்கவில்லை. எந்த வீட்டிலும் ஓர் ஓடுகூட உடையாமல் நாட்கணக்கில் துணி கெடுவதற்கு அதைவிட நல்ல வானிலை வேண்டியதில்லை.

பேரிடர் நிவாரண விதிகளைப் பார்த்தால் இது தெளிவாகும். 2022-26 காலத்துக்கான மாநிலப் பேரிடர் நிதி விதிமுறைகளில் கைத்தறி, கைவினைத் தொழிலாளருக்கு ஓர் ஏற்பாடு உண்டு. கெட்டுப்போன கருவிக்கு ஒருவருக்கு 5,000 ரூபாய்; கெட்டுப்போன மூலப்பொருள், செய்பொருள் ஆகியவற்றுக்கு 5,000 ரூபாய். தறி உடைய வேண்டும், நூல் வெள்ளத்தில் போக வேண்டும். உடையாத தறி இருபது நாள் சும்மா நின்றால் அது இழப்பாகாது. காப்பீடும் அவ்வாறே. 2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கென்று 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' என்ற பெயரில் ஒரே மாதிரியான காப்பீடு வந்திருக்கிறது. வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' தனியே உண்டு. கூடத்தில் இருக்கும் துணித் தான் வீட்டுச் சாமானா, வணிகச் சரக்கா? வீட்டுப் பத்திரம் வணிகச் சரக்கைத் தாங்காது. புயல் வெள்ளம் அடித்துச் சென்ற சரக்குக்குத் தொழில் காப்பீட்டில் வழி இருக்கிறது. மெல்ல ஏறிய ஈரத்தால் விழுந்த கரும்புள்ளியையும் தைக்க முடியாமல் போன நாட்களையும் அந்த வழியில் கொண்டுசெல்ல முடியாது.

அரசுக்கு மழைநாளைக் கணக்கிடத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே வாலிநோக்கத்தில் அரசின் உப்பளம் இருக்கிறது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வேலையற்ற காலத்துக்காக 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. பாத்தி உடைந்ததா, கருவி கெட்டதா என்று எவரும் கேட்பதில்லை. அந்த மாதங்களில் உப்பு விளையாது, ஆகவே கூலி இராது, ஆகவே உதவி. அவ்வளவு எளிய நியாயம். மீனவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு உதவித்தொகை உண்டு. 5,000 ரூபாயாக இருந்த அத்தொகையை 8,000 ஆக்கும் அறிவிப்பு 2023இல் மண்டபத்தில்தான் வெளியானது. தடைக்காலத்துக்கு அப்பால் மீன்பாடு குறைந்த மாதங்களுக்கும் தனியே உதவி இருக்கிறது. இவற்றில் ஒன்றையும் நாங்கள் பொறாமையோடு சொல்லவில்லை. உப்பளத்தில் வெயிலில் காலம் கழித்தவர்களுக்கு அந்த 5,000 ரூபாய் மிகத் தாமதமாக வந்த சிறு தொகை. எங்கள் கேள்வி ஒன்றுதான். வெயிலை நம்பிய தொழிலுக்கு வெயிலற்ற மாதங்களில் உதவி என்பது உப்புக்குப் பொருந்தும் என்றால், பாவுக்கும் திரைக்கும் ஏன் பொருந்தாது?

இதற்கு மறுமொழியாக இரண்டு சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். ஒன்று, வீட்டுத் தொழிலாளர் யார் என்று எவ்வாறு அடையாளம் காண்பது. தையல் எந்திரம் இல்லாத வீடு உண்டா, எல்லோரும் கேட்டால் என்ன செய்வது? கேட்கத்தக்க கேள்வி. ஆனால் விடை ஏற்கெனவே இருக்கிறது. நெசவாளர் பலர் கூட்டுறவுச் சங்கங்களின் ஏட்டில் இருக்கிறார்கள். தையல் தொழிலாளருக்குத் தமிழ்நாட்டில் தனி நலவாரியமே உண்டு. அதில் பதிவு செய்தோருக்குக் கல்வி, திருமணம், மகப்பேறு, ஓய்வூதியம் என்று உதவிகள் போகின்றன. பதிவேடு இருக்கிறது, அதில் மழைக்காலம் என்ற பத்திதான் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுத் தொழிலாளருக்கென்று 1996இல் ஓர் உடன்படிக்கை (எண் 177) செய்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஆனாலும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வீடு சார்ந்த தொழிலாளர் என்பவர் யார் என்று வரையறுத்திருக்கிறது. சட்டத்தில் பெயர் கிடைத்துவிட்டது. இனிப் 'யாரென்று தெரியவில்லை' என்பது காரணமாகாது.

மற்றொன்று, இனாமாகப் பணம் கொடுத்தால் உழைப்பு குன்றும் என்பது. இதைச் சொல்பவர்கள் மழைநாளில் துணியோடு போராடும் ஒரு வீட்டுக்குள் அரைமணி நேரம் இருந்து பார்த்தவர்கள் இல்லை என்றே நினைக்கிறோம். அது கிடக்கட்டும். இனாம் வேண்டாம் என்றால் மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம் முன்மாதிரியாக இருக்கிறது. மீன்பாடு உள்ள மாதங்களில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்துகிறார். அரசுகள் 3,000 சேர்க்கின்றன. மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 திரும்பி வருகிறது. தமிழ்நாட்டில் மீனவ மகளிருக்கும் இத்தகைய திட்டம் உண்டு. தை முதல் ஆவணி வரை எங்களால் மாதம் இருநூறு ரூபாய் கட்ட முடியும். அதனுடன் அரசின் பங்கும் சேர்ந்து ஐப்பசியில் திரும்பி வந்தால், அப்பணத்தில் தீபாவளி கொண்டாடப் போவதில்லை. கரூர்க் கடனில் ஒரு தவணை அடைப்போம், கெட்டுப்போன லைனிங்குக்கு மாற்று வாங்குவோம்.

பணத்தைவிடவும் முதன்மையானது இடம். ஊருக்கு ஒரு மேடான கொட்டகை, மேலே ஒளி புகும் தகடு, நான்கு பக்கமும் காற்று, கொடி கட்டக் கம்பி, துணி விரிக்க நீண்ட மேசை. பரமக்குடிக்குப் பாவு விரிக்க அது பயன்படும். ஏர்வாடிக்கு நனைத்த துணி உலர்த்தப் பயன்படும். மீனவர்களுக்குக் கருவாடு உலர்த்த மேடை கட்டிக் கொடுக்கிறோம், வலை பின்னக் கூடம் கட்டிக் கொடுக்கிறோம். துணிக்காரர்களுக்கு மட்டும் 'அவரவர் வீடு இருக்கிறதே' என்கிறோம். புயல் பாதுகாப்பு மையங்கள் கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. புயல் எச்சரிக்கை இல்லாத மழைநாட்களில் அவற்றின் மேல்தளத்தைத் துணி உலர்த்தத் திறந்துவிடுவதில் என்ன தடை இருக்க முடியும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. மக்கள் தங்க வேண்டிய நாள் வந்தால் ஒரு மணி நேரத்தில் கொடியை அவிழ்த்துவிடலாம்.

வாங்குபவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். இதை வாசிப்பவர்களில் பலர் வாங்குபவர்கள்தாம். தீபாவளித் திரையை ஆடியில் சொல்லுங்கள். ஆடியில் புதிய காரியம் தொடங்குவதில்லை என்ற வழக்கம் இருந்தால், முன்பணம் ஆவணியில் கொடுங்கள். அளவை மட்டும் ஆடியிலேயே எடுத்துக்கொள்கிறோம். ஆவணி, புரட்டாசி வெயிலில் நனைத்து, உலர்த்தி, வெட்டி, தைத்து, மடித்து வைத்துவிட முடியும். ஐப்பசியில் வந்து 'பத்து நாளில் வேண்டும்' என்று சொல்லி, பதினோராம் நாள் விலையில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மழையின் இழப்பைக் கடைசியில் யார் தலையில் இறக்கி வைப்பது என்பதை அந்தப் பத்தில் ஒரு பங்கு தீர்மானித்துவிடுகிறது. விசைத்தறி முதலாளி சொல்லும் தாமதத்தைக் கடைக்காரர் ஏற்கிறார். லாரிக்காரர் சொல்லும் தாமதத்தையும் ஏற்கிறார். வீட்டிலிருந்து தைத்துத் தரும் பெண்மணி மழை என்று சொன்னால் மட்டும், 'வீட்டுக்குள்தானே இருக்கிறீர்கள்?' என்கிறார்.

சென்ற இரண்டு ஆண்டுகளாக எங்கள் தெருவில் தையல் எந்திரம் வைத்திருக்கும் வீட்டார் சிலர் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வருகிறோம். அக்டோபர் முதல் நாளிலிருந்து டிசம்பர் கடைசி வரை நாளுக்கு ஒரு வரி: மழை பெய்ததா, மின்சாரம் எத்தனை மணி நேரம் இல்லை, எத்தனை மீட்டர் தைத்தோம், எத்தனை மீட்டர் கெட்டது, எந்த வேலை தள்ளிப்போனது. தொடக்கத்தில் சிலர் சிரித்தார்கள். உப்பளத்துக்காரர்களுக்கு மழைக்காலம் என்ற மூன்று மாதம் அரசாணையில் ஏறியதற்குப் பின்னால் எத்தனை ஆண்டுகள் எவரெவர் எழுதிவைத்த கணக்கு இருந்தது என்று எண்ணிப் பார்த்தபின் சிரிப்பு நின்றது. நோட்டை அடுத்த தை மாதம் நலவாரிய அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வதாக இருக்கிறோம். பரமக்குடியிலோ திருப்புல்லாணியிலோ கீழக்கரையிலோ இதே வேலை செய்கிறவர்கள் அவரவர் ஊரில் இப்படி ஒரு நோட்டுத் தொடங்கினால், ஒரே மாதிரியான பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: நாள், மழை, மின்சாரம், தைத்தது அல்லது நெய்தது, கெட்டது, தள்ளிப்போனது.